எடை இறங்கும் முன்பே

"பிசிஓடி இருக்கும்மா. வெயிட்டைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்."

மதுரையில் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும் இளம்பெண்களில் எத்தனையோ பேர் இந்த வாக்கியத்தோடுதான் வீடு திரும்புகிறார்கள். இருபது, இருபத்தைந்து வயதிருக்கும். கூட அம்மா வந்திருப்பார். மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போகிறது. தாடையில் நாலைந்து தடித்த முடி. கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருக்கிறது; "நல்லாத் தேச்சுக் குளிடி" என்று அம்மா எத்தனை முறை சொல்லியும் அது போகவில்லை. கையில் ஸ்கேன் படம்.

மறுநாளே வாக்கிங் தொடங்கிவிடுகிறது. ரேஸ்கோர்ஸ் பக்கம் வீடென்றால் அங்கே. கிழக்கே என்றால் வண்டியூர் தெப்பக்குளம். குளத்தின் நான்கு கரையையும் ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 1,200 மீட்டர். விடியும் முன்பே துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, சுடிதாருக்குக் கீழே வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, இரண்டு இரண்டு பேராகப் பெண்கள் சுற்றி வருவதைப் பார்க்கலாம். ஆறு வாரம் கழித்து மெஷினில் ஏறினால் 74 கிலோ 73 ஆகியிருக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது. "இதுக்கா அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன்?" ஏழாவது வாரம் ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

நின்றது தவறான நேரத்தில். அந்த ஆறு வாரத்தில் அவள் உடலுக்குள் நடந்த மாற்றங்களில் பெரும்பகுதி எடை பார்க்கும் மெஷினுக்குத் தெரியவே தெரியாது.

முதலில் அந்த ஸ்கேன் படத்துக்கு வருவோம். சினைப்பையின் ஓரத்தில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர். பிசிஓடியை "நீர்க்கட்டி" என்று சொல்லிவிடுவதால், வெட்டி எடுக்க வேண்டிய ஏதோ ஒன்று என்று வீட்டில் பயந்துபோகிறார்கள். அவை கட்டிகளே அல்ல. முட்டையைச் சுமந்து வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன நுண்ணறைகள். எல்லாப் பெண்களுக்கும் மாதாமாதம் பல நுண்ணறைகள் வளரத் தொடங்கும். அதில் ஒன்று மற்றவற்றை முந்திக்கொண்டு வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். மற்றவை சுருங்கி மறையும். இங்கே எதுவும் முந்தவில்லை. எல்லாம் ஒரே அளவில் நின்று காத்திருக்கின்றன. முட்டை வெளிவராவிட்டால் அதைத் தொடர்ந்து வரவேண்டிய ஹார்மோன் ஏற்ற இறக்கமும் இல்லை. மாதவிலக்கும் நாளுக்கு வராது.

இது அபூர்வமான கோளாறு இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவோடு நாட்டின் பல பகுதிகளில் 18 முதல் 40 வயது வரையிலான 9,800க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. கண்டிப்பான பழைய அளவுகோலால் அளந்தால் 7.2 விழுக்காட்டினருக்கு இந்தக் கோளாறு. 2003இல் ராட்டர்டாமில் வகுத்த, இன்று பலரும் பின்பற்றும் அளவுகோலால் அளந்தால் 19.6 விழுக்காடு, அதாவது ஐந்தில் ஒருவர். ஒரு ஷேர் ஆட்டோ நிறைய கல்லூரிப் பெண்கள் போனால் அதில் ஒருத்திக்காவது இருக்கலாம்.

இப்போதைய சாப்பாடும் செல்போனும் கொண்டுவந்த நோய் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. பரோட்டாவும் ஜிகர்தண்டாவும் உடனே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடும். ஆனால் 1721லேயே இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வல்லிஸ்நேரி இப்படி ஒருத்தியைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். மணமாகியும் பிள்ளை இல்லாத, ஓரளவு பருத்த இளம்பெண். அவளுடைய சினைப்பைகள் பெருத்து, மேடு பள்ளமாக, புறா முட்டை போல வெளுத்துப் பளபளத்தன என்கிறார். அவள் ஒரு குடியானவப் பெண். உட்கார்ந்தே வாழ்ந்தவளாக இருந்திருக்க முடியாது. ஆகவே இது சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த தண்டனை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிறவியிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. வாழ்க்கை முறை அதைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது.

1935இல் சிகாகோவில் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் இத்தகைய ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை அறுத்து எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இருவர் கருவுற்றார்கள். அதனால் நோய் சினைப்பையில்தான் இருக்கிறது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 1980இல்தான் வேறொரு சங்கதி வெளிப்பட்டது. இந்தப் பெண்களின் ரத்தத்தில் ஆண் ஹார்மோன் எந்த அளவுக்குக் கூடியிருந்ததோ அந்த அளவுக்கு இன்சுலினும் கூடியிருந்தது. 1989இல் ஆண்ட்ரியா டுனைஃப் குழுவினர் அதை இன்னும் துல்லியமாக அளந்து காட்டினார்கள்: உடல் பருமன் இல்லாத பெண்களிடமும், இந்தக் கோளாறு இருந்தால், இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணிவதில்லை.

சர்க்கரை நோயில் கேள்விப்படும் இன்சுலினுக்கும் மாதவிலக்குக்கும் என்ன தொடர்பு? தசைதான் அந்தத் தொடர்பு. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலினின் வேலை. தசை அதன் சொல்லைக் கேட்காவிட்டால் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். ரத்தச் சர்க்கரை கட்டுக்குள்ளேயே இருக்கும்; பரிசோதனைத் தாளில் எல்லாம் "நார்மல்" என்று வரும். ஆனால் அதற்கு விலையாக இன்சுலின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஓடிக்கொண்டிருக்கும். கொடுமை என்னவென்றால், தசைதான் செவிடாகிவிட்டதே தவிர சினைப்பை செவிடாகவில்லை. அதிக இன்சுலின் வந்ததும் சினைப்பைச் செல்கள் ஆண் ஹார்மோனைக் கூடுதலாகத் தயாரிக்கின்றன. ஆண் ஹார்மோனைப் பிடித்துவைத்து அடக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்யும். இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறைகிறது. இரண்டும் சேர்ந்து தாடையில் முடியாகவும், முகத்தில் பருவாகவும், பாதியில் நின்ற நுண்ணறைகளாகவும் தெரிகின்றன. கழுத்துக் கறுப்பும் இதே கதைதான். மிகையான இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிப் பெருகவைக்கிறது. அதனால் தோல் தடித்துக் கறுக்கிறது. அழுக்கே இல்லாத இடத்தைப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்ட பிள்ளைகள் எத்தனை பேரோ.

ஆக, இன்சுலினைக் குறைக்க வேண்டும். அதற்குத் தசையை வழிக்குக் கொண்டுவர வேண்டும். நடை வேலை செய்வது இங்கேதான்.

தசைச் செல்லின் உட்புறத்தில் நுண்ணிய பைகள் உண்டு. சர்க்கரையை உள்ளே கடத்தும் ஒரு புரதம் அவற்றில் ஒதுங்கிக் கிடக்கும். அதற்கு குளுட்-4 என்று பெயர். இன்சுலின் செல்லின் மேற்பரப்பைத் தொட்டதும் உள்ளே ஒரு சங்கிலித் தொடர் செய்தி பாய்ந்து, அந்தப் பைகள் மேலே வந்து செல்லின் சுவரோடு இணைய, குளுட்-4 வெளியே தலைகாட்டிச் சர்க்கரையை உள்ளே இழுக்கும். பிசிஓடி உள்ள பெண்ணின் தசையில் இந்தச் செய்திதான் பாதியில் மங்கிவிடுகிறது. 1984இல் டென்மார்க் ஆய்வாளர்கள் எலியின் தசையை எடுத்து, இன்சுலின் ஒரு துளிகூட இல்லாத நிலையில் அதைச் சுருங்கவைத்துப் பார்த்தார்கள். சர்க்கரை உள்ளே போனது. இன்சுலின் தேவைப்படவே இல்லை. தசை வேலை செய்யும்போது அதன் எரிசக்தி குறைகிறது. அந்தக் குறைவை உணரும் நொதிகள் விழித்துக்கொண்டு, வேறொரு பாதையில் அதே குளுட்-4ஐ மேலே கொண்டுவந்துவிடுகின்றன. வாசல் கதவைத் தட்டித் தட்டி இன்சுலின் ஓய்ந்துபோன வீட்டில், கொல்லைக் கதவு எப்போதும் தாழ் போடாமல்தான் இருந்திருக்கிறது. அதைத் திறக்கத் தசை அசைந்தால் போதும்.

இது எந்த நாளிலிருந்து நடக்கும்? முதல் நாளிலிருந்து. தெப்பக்குளத்தின் முதல் சுற்றிலேயே. அப்போது மெஷின் ஒரு கிராம் குறைவைக்கூடக் காட்டாது. நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் தசை இன்சுலினின் சொல்லை வழக்கத்தைவிட நன்றாகக் கேட்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் குளுட்-4இன் கையிருப்பே கூடுகிறது, தசைக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் கூடுகின்றன. செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகிறது. 1967இல் ஜான் ஹொலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை ஓடவிட்டு, அவற்றின் தசையில் ஆக்சிஜனை எரிக்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கானதைக் காட்டினார்.

ஆனால் அந்த ஒன்றிரண்டு நாள் கணக்கில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் தசை பழையபடி மந்தமாகிவிடும். நம் ஊரில் நடைக்குப் பஞ்சமில்லை. தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் பழனிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாதயாத்திரை போகிறவர்களில் பெண்களும் ஏராளம். சித்திரையில் அழகர் பின்னால் விடிய விடிய நடப்பவர்களுக்குக் கணக்கே இல்லை. பக்தியின் கணக்கில் அதற்கு என்ன பலனோ, தசையின் கணக்கில் அந்த நடை அடுத்த வாரமே தீர்ந்துபோகிறது. ஆண்டுக்கு ஒருமுறை நூறு கிலோமீட்டர் நடப்பதைவிட ஒன்றுவிட்டு ஒரு நாள் மூன்று கிலோமீட்டர் நடப்பது மேல். மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்த பிசிஓடி பெண்கள், பயிற்சியை நிறுத்திய அடுத்த மூன்று மாதத்தில் பெற்றதை இழந்ததை இத்தாலிய ஆய்வாளர்கள் 2008இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

அதே ஆண்டில், அதே இத்தாலியில், இன்னொரு ஆய்வும் வந்தது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த ஆய்வு அதுதான். உடல் பருமனும் பிசிஓடியும் இருந்து, முட்டை வெளிவராததால் பிள்ளைப் பேறு தள்ளிப்போன 40 பெண்கள். ஸ்டெஃபானோ பலோம்பா குழுவினர் இருபது பேருக்குப் புரதம் கூடிய, கலோரி குறைந்த உணவுத் திட்டம் கொடுத்தார்கள். மற்ற இருபது பேர் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் மேற்பார்வையோடு பயிற்சி செய்தார்கள். 24 வாரம் கழித்துப் பார்த்தால் எடை அதிகம் குறைந்தது உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு. மாதவிலக்கு அதிகம் சீரானதும், முட்டை அதிகம் வெளிவந்ததும் சைக்கிள் மிதித்தவர்களுக்கு. கருவுற்றவர்கள் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. இருபது இருபது பேரை வைத்துக்கொண்டு அதை முடிவு கட்டவும் முடியாது. ஆனால் மெஷின் ஒரு பக்கம் ஜெயித்ததாகச் சொல்ல, சினைப்பை மறுபக்கம் ஜெயித்ததாகச் சொன்னதே, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தையும் காட்டியது. எடை கூடிய பெண்கள் 12 வாரம், வாரம் மூன்று மணி நேரம், டிரெட்மில்லில் கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். பிசிஓடி உள்ளவர்களின் இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது. குடலைச் சுற்றியிருக்கும் உட்கொழுப்பும் குறைந்தது. எனினும் அதே எடையுள்ள, கோளாறு இல்லாத பெண்களின் நிலையை அவர்கள் எட்டவில்லை. பயிற்சி நோயைத் துடைத்து எறிந்துவிடாது, தூரத்தைக் குறைக்கும். இதை மருத்துவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் ஏழாவது வாரத்து ஏமாற்றம் பாதியாகிவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்ததும் உண்டு. ஆந்திரத்தின் அனந்தபூரில், விடுதியில் தங்கிப் படிக்கும் 15 முதல் 18 வயது மாணவிகளில் பிசிஓடி உள்ள 90 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு யோகாவும் மறு பாதிக்கு வழக்கமான உடற்பயிற்சியும் தினம் ஒரு மணி நேரம், 12 வாரம் கொடுத்தார்கள். 2013இல் முடிவு வந்தது. எடையைப் பொறுத்தவரை இரண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ஆனால் யோகா செய்தவர்களுக்கு ஆண் ஹார்மோன் கூடுதலாகக் குறைந்திருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் ஆசனத்தோடு மூச்சுப் பயிற்சியும், கண்மூடி ஓய்ந்து படுத்தலும், தியானமும் இருந்தன. மன அழுத்தம் தணிந்ததும் ஹார்மோனைத் தொட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: விடுதியில் மணி அடித்தால் எல்லோரும் எழுந்துதான் ஆக வேண்டும். வீட்டில் அந்த மணி இல்லை.

எடைக்கும் பலனுக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லை என்பதற்குத் தமிழ்நாட்டின் மிகப் பெரிய சாட்சி சென்னையில் இருக்கிறது. அது பிசிஓடி ஆய்வு அல்ல, சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை ஏறக்குறைய மூன்றாண்டு பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலும் ஆண்கள். ஒன்றும் செய்யாதவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய இதே பலனைத்தான் தந்தது. வியப்பு என்னவென்றால், வாழ்க்கை முறையை மாற்றியவர்களின் எடை பெரிதாக இறங்கவே இல்லை. எடை இறங்காமலேயே நோய் தள்ளிப்போனது.

நம்மவர்களின் உடல்வாகும் இதில் சேர்கிறது. 2004இல் புணேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் இருவருக்கும் ஒன்றே: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசை குறைவு. அதனால்தான் மேலைநாட்டில் 25க்கு மேல் போனால் கூடுதல் எடை என்றால் நமக்கு 23லேயே எச்சரிக்கை. தசை குறைவான உடலில் தசையைக் கூட்டினால் எடை இறங்காமல் இருப்பதும், சில மாதம் ஏறுவதும்கூட இயல்பு. இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளப்பது மெஷினைவிட நேர்மையான கணக்கு. பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

எடை குறைவதே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உடல் எடையில் ஐந்து விழுக்காடு இறங்கினாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. சாப்பாட்டில் கை வைக்காமல் அது நடப்பது கடினம். எடை ஒன்றே அளவுகோல் என்பதைத்தான் கைவிடச் சொல்கிறேன்.

எவ்வளவு செய்ய வேண்டும்? 2023இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதலின்படி வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிடம் கடுமையான பயிற்சி. எடையும் குறைய வேண்டுமென்றால் 250 நிமிடம். இதோடு, அடுத்தடுத்து வராத இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. எந்தப் பயிற்சி உயர்ந்தது என்ற சண்டைக்கு அந்த வழிகாட்டுதல் இடம் கொடுக்கவில்லை. விடாமல் செய்ய முடிகிற எதுவும் நல்லது.

மிதமான பயிற்சி என்றால்? நடக்கும்போது பக்கத்தில் வருபவளோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தெப்பக்குளக் கரையில் சீரியல் கதை முழுவதையும் மூச்சு வாங்காமல் சொல்லி முடித்துவிட்டால் அது நடை இல்லை, உலா. "வீட்டு வேலையே எக்ஸர்சைஸ்தானே" என்பதற்கும் இதே சோதனைதான். ஆட்டுக்கல்லும் உரலும் தண்ணீர்க் குடமும் இருந்த காலத்தில் அது உண்மை. கிரைண்டர், மிக்ஸி, மோட்டார் வந்த பிறகு களைப்பு மிஞ்சியிருக்கிறது, மூச்சு வாங்குவது போய்விட்டது. இடுப்பில் குடத்தோடு மாடிப்படி ஏறுகிறவள் இன்றும் பயிற்சிதான் செய்கிறாள். நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவள் சோர்ந்துபோகிறாள், அவ்வளவுதான்.

வலுவூட்டும் பயிற்சிக்கு ஜிம்முக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் பயப்பட வேண்டாம். தொடை, பிட்டத் தசைகள்தான் உடலிலேயே பெரியவை. சர்க்கரையை அதிகம் விழுங்குபவையும் அவைதான். பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணத்தை நன்றாக உட்கார்ந்து எழுந்து பத்துப் பத்தாக மூன்று தடவை போட்டால் அவற்றுக்கு வேலை கொடுத்தாகிவிட்டது. முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழலாம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் கைக்குப் போதும். பங்குனி தொடங்கி ஆவணி வரை மதுரை வெயில் எட்டு மணிக்கே முதுகில் அறையும் என்பதால், அந்த மாதங்களில் வீட்டுக்குள்ளேயே செய்கிற பயிற்சிதான் தொடரும்.

இடம் ஒரு சிக்கல், வெயில் ஒரு சிக்கல். ஆனால் பெரிய சிக்கல் வேறு. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் 14,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர், 54.4 விழுக்காட்டினர், போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பொழுதுபோக்காக ஓடுவது, விளையாடுவது என்ற பழக்கம் உள்ளவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஆண்களைவிடப் பெண்கள் இன்னும் பின்தங்கியிருந்தார்கள். 2023 நவம்பரில் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது நல்ல காரியம். பாதை இருந்தால் போதுமா? கழுத்துச் செயின், தெருநாய், டீக்கடை வாசலில் நிற்கிறவர்களின் பார்வை, "கல்யாணம் ஆகப்போற பொண்ணுக்கு இருட்டுல என்ன நடை" என்ற பெரியம்மா, எல்லாவற்றையும் தாண்டித்தான் அந்தப் பாதைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் தாண்டிய பெண்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளிலேயே புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். யாரும் உடற்பயிற்சி என்று நினைத்து ஓட்டவில்லை; வேலைக்குப் போக, தண்ணீர் எடுக்க, நினைத்த நேரம் நினைத்த இடம் போக ஓட்டினார்கள். பிறகு அரசே பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது.

அந்தச் சைக்கிள் பல வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. கல்லூரிக்கு பஸ், வேலைக்கு ஸ்கூட்டி. சைக்கிள் மொட்டை மாடியில் துருப்பிடிக்கிறது. பிசிஓடி என்ற பெயர் காதில் விழுவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். சைக்கிளை விட்டதால்தான் நோய் வந்தது என்று சொல்ல மாட்டேன். அதற்குச் சான்று இல்லை. ஆனால் இத்தாலியப் பெண்கள் ஆய்வுக்கூடத்தில் மிதித்த வாரம் மூன்று நாள் அரை மணி நேரத்தை, திருமங்கலத்துப் பெண்ணும் மேலூர்ப் பெண்ணும் பள்ளிக்குப் போகையிலும் வருகையிலும் ஏற்கெனவே மிதித்துக்கொண்டிருந்தார்கள். டயருக்குக் காற்றடித்தால் மறுபடியும் மிதிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராவிட்டால் பயிற்சியே போதும் என்று இருந்துவிடக் கூடாது. கருப்பையின் உட்படலம் உதிராமல் தடித்துக்கொண்டே போவது ஆபத்து. மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரை கொடுத்தால் பயிற்சியோடு சேர்த்துச் சாப்பிடுவதுதான் முறை. இன்னொன்று, யாரும் வெளிப்படையாகச் சொல்லாதது: பயிற்சி பலன் தரும்போது முட்டை எப்போது வெளிவரும் என்று முன்கூட்டித் தெரியாது. மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம். "உனக்குக் கரு தங்காது" என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கும் மணமான பெண், இப்போது பிள்ளை வேண்டாமென்றால், கருத்தடையைக் கைவிடக் கூடாது.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அவள் வரும்போது மெஷினில் ஏற்றும் முன், "கடைசியா எப்பம்மா வந்துச்சு? எத்தனை சுற்று போறே? போன மாசத்துக்கு இப்ப மூச்சு வாங்குறது குறைஞ்சிருக்கா?" என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை, பால் காய்ச்சுவதையும் இட்லி ஊற்றுவதையும் அண்ணனோ அப்பாவோ கணவரோ பார்த்துக்கொள்ளட்டும். வாரத்தில் ஐந்து நாள், அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு வேண்டும்.